வெண்கலப் பானை வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு பெட்டியைத் தூக்கி நிறுத்தி எடை பார்த்தோம். என்னுடைய கொக்கித் தராசு 31 கிலோ காட்டியது. டிக்கெட்டில் அனுமதித்திருப்பது 23. எதிர்வீட்டு மதினியின் மகள் செவிலியர் படிப்பு முடித்து, ஒன்றரை வருடம் ஜெர்மன் மொழியும் படித்து, அடுத்த மாதம் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறாள். பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெண்கலப் பானை உட்கார்ந்திருந்தது. பானைக்குள் ஒரு கிலோ நெய். நெய்ப் பாட்டில் உடையாமல் இருக்க அதைச் சுற்றிக் கறிவேப்பிலைக் கொத்துகள்.

மூன்றையும் வெளியே எடுத்து வைத்தேன்.

"முதல் பொங்கலுக்குப் பானை இல்லாமல் பிள்ளை என்ன செய்வாள் தம்பி?" என்று மதினி கேட்டார். அவருக்கு என்மேல் வருத்தம். பானையைத் திரும்ப உள்ளே வைக்கவும் இல்லை, வீட்டுக்குள் கொண்டுபோகவும் இல்லை. அது திண்ணையிலேயே இருந்தது.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். பதினான்கு வருடம் ஹாம்பர்க் துறைமுகத்துப் பக்கம் கப்பல் இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு முடியாமல் போனதும் 2025 தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டேன். எங்கள் தெருவில் யாருக்கு விசா வந்தாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவிடுகிறேன். சட்டதிட்டம் எல்லாம் நான் இருந்த ஜெர்மனியுடையது. வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் அந்தந்த நாட்டு விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் போதைப்பொருள் கணக்கில் வரும் என்பதை மட்டும் துபாய் போகிறவர்கள் மறக்க வேண்டாம்.

பெட்டி

பானை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நானும் பானையோடு போனவன்தான். அம்மாவின் சீதனப் பானை, மூன்றே கால் கிலோ. எனக்குக் கிடைத்த வீட்டில் இருந்ததோ இண்டக்‌ஷன் அடுப்பு. அது காந்தப் புலத்தால் பாத்திரத்தின் அடியையே சூடேற்றும் அடுப்பு. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். வெண்கலம், பித்தளை, செம்பு, மண்சட்டி எதை வைத்தாலும் பாத்திரமே இல்லை என்று மினுக்கும். பொங்கலன்று மஞ்சள் குலை கட்டிய பானையை அதன்மேல் வைத்துவிட்டு நான் நிற்கிறேன், அடுப்பு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வருடம் நூடுல்ஸ் வேகவைக்கும் சட்டியில்தான் எங்கள் வீட்டில் பால் பொங்கியது. பானையில் சில்லறைக் காசு போட்டு வைத்தேன். அம்மாவுக்கு இன்றுவரை அது தெரியாது.

ஆகவே, பாத்திரக் கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தம் கையில் இருக்கட்டும். அடியில் கப்பென்று ஒட்டினால் வாங்குங்கள். எவர்சில்வர் என்றாலே ஒட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம், பாதி ஒட்டாது. இண்டக்‌ஷன் இல்லாமல் சாதாரணக் கண்ணாடி மேல்தளம் கொண்ட மின் அடுப்பு வாய்த்தால் வெண்கலம் சூடாகும், ஆனால் அங்கே வேறொரு ஆபத்து. வெல்லமோ சர்க்கரையோ கலந்தது சூடான கண்ணாடியில் வழிந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். உடனே சுரண்டாவிட்டால் கண்ணாடியில் குழி விழும். வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். பாலும் அரிசி களைந்த நீரும் மட்டும் பொங்கி வழியட்டும். வழிந்த பிறகு தீயைக் குறைத்துக் கருப்பட்டியோ வெல்லமோ போடுங்கள். சாஸ்திரத்துக்கும் குறைவில்லை, அடுப்புக்கும் சேதமில்லை.

நெய்யும் கறிவேப்பிலையும் ஏன் வெளியே வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகக் கூடாது. நெய் பால் பொருள். பால்கோவாவையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சை இலை, காய், பழம், விதைக்கெல்லாம் 2019 டிசம்பர் 14 முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும்; கறிவேப்பிலைக் கொத்துக்குச் சான்றிதழ் வாங்க யார் அலைவது? இதிலும் ஐந்து பழத்துக்கு விலக்கு உண்டு: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன். பட்டியலின் முதல் இரண்டைப் பார்த்தால் நம் பக்கத்து ஆள் யாரோ உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கும். ஆனால் தேங்காய் என்றதும் கொப்பரையை வைத்துவிடாதீர்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்ததால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத்துறை அதை ஒதுக்கி வைத்திருக்கிறது. கருவாட்டுக்குத் தடை இல்லை, மீன் வகை 20 கிலோ வரை போகலாம். பக்கத்தில் இருக்கும் சட்டைகள் சம்மதிக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நெய் இல்லாமல் ஒன்றும் குடி முழுகாது. அங்கே உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் கட்டியாகக் கிடைக்கும்; பொன்னிறமாக உருக்கினால் ஏறத்தாழ 200 கிராம் நெய் இறங்கும். அடுப்பை அணைக்கும் நேரத்தில் ஒரு முருங்கை இலை போட முடியாது என்பது மட்டும்தான் குறை.

வைக்க வேண்டியவை: வீட்டில் வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடி, தோசைக்கு மிளகாய்ப் பொடி, பழம்புளி, உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ, சுக்கு, அகல் விளக்கு ஐந்து, ஒரு சிறிய மிக்ஸி. அங்கேயும் 230 வோல்ட்தான், மிக்ஸி ஓடும். நம் மூன்று முனை பிளக் மட்டும் அங்குள்ள துளைக்குள் போகாது, அடாப்டர் வேண்டும். பலகாரத்தில் முந்திரிக்கொத்து. பெயரைக் கேட்டு முந்திரிப் பருப்பு என்று நினைக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: வறுத்த பாசிப்பயறு மாவும் கருப்பட்டிப் பாகும் சேர்த்துப் பிடித்துப் பொரித்தது. கல்லுபோல இருக்கும், கெடாது, முதல் மாதத்தின் மழை நாள்களுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

அல்வா கடைசி நாள் சாயங்காலம் வாங்குங்கள், கால் கிலோ போதும். அதற்குமேல் வாங்குவது ஆசைக்கு, தேவைக்கு அல்ல.

கோட்டும் தாளிப்பும்

குளிர்கால கோட்டு ஒன்றுதான் இருக்கும், அதைத் தினமும் துவைக்க முடியாது. தாளிக்கும் முன் கோட்டைப் படுக்கையறையில் மாட்டிக் கதவைச் சாத்துங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பட்டறையில் கூட வேலை பார்த்தவர் மூன்று மாதம் பொறுத்துவிட்டு, "உன் கோட்டுக்கு என்ன சமையல்?" என்று கேட்டார். வத்தல் வறுக்கும்போது ஜன்னலை அகலத் திறந்துவிடுங்கள், வெளியே பனி பெய்தாலும் சரி. ஜெர்மன்காரர்களும் குளிரில் ஜன்னலைத் திறந்து காற்று மாற்றுகிறவர்கள்தான், யாரும் வினோதமாகப் பார்க்க மாட்டார்கள். புகை அறியும் கருவி ஒவ்வொரு வீட்டிலும் சட்டப்படி இருக்கும். அலறுகிறதே என்று கழற்றி வைக்காதீர்கள்.

தோசை மாவு குளிரில் புளிக்காது. ஓவனுக்குள் வைத்து, சூட்டைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டால் காலையில் பொங்கியிருக்கும். பாத்திரத்தின் கீழே ஒரு தட்டு வையுங்கள், சில நாள் அளவுக்கு மீறிப் பொங்கிவிடும்.

கறிவேப்பிலை, வாழையிலை, இட்லி அரிசி, நல்லெண்ணெய் எல்லாவற்றுக்கும் ஈழத் தமிழர் கடை இருக்கிறது. போய் இறங்கிய முதல் சனிக்கிழமை அதைத் தேடிப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. அங்கே காய்கறி மரக்கறி; பேசுவது கதைப்பது. ஆனால் ஒரு சொல் நமக்கும் அவர்களுக்கும் பொது, அதனால்தான் குழப்பமும் வந்தது. ஒரு நாள் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் எடுத்துக்கொண்டு போய், சொதி வைக்கப் போகிறேன் என்றேன். கடை அம்மா சிரித்துவிட்டார்.

"சொதிக்குப் பருப்புப் போடுவதா, தம்பி?"

அவர்கள் சொதி மஞ்சளாக, தண்ணீராக, இடியாப்பத்தின் மேல் ஊற்றுவது. நம் சொதி கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் சோற்றுக்கு ஊற்றுவது. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாம் மூன்றாம் பாலில் வெந்து, இரண்டாம் பாலில் பருப்போடு கொதித்து, கடைசியில் முதல் பால் ஊற்றிச் சூடேறியதும் இறக்கி, இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் சேர்ப்பது. பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. இதைக் கடை வாசலில் நின்று நான் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. எது உண்மையான சொதி என்ற வழக்கு பதினான்கு வருடமும் தீரவில்லை, நல்லவேளை. அந்த வழக்கால்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குத் தமிழில் பேச ஆள் இருந்தது.

தேங்காய் துருவிப் பால் எடுக்க நேரம் இல்லாத நாளுக்கு ஒரு வழி: டப்பாவில் வரும் தேங்காய்ப்பாலைக் குலுக்காமல் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வையுங்கள். மேலே கட்டியாக நிற்பது முதல் பால். கீழே இருப்பதில் தண்ணீர் சேர்த்தால் இரண்டாவது. இன்னும் சேர்த்தால் மூன்றாவது. என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு கடிகாரம்

ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. அந்த இரண்டு ஞாயிறையும் வீட்டுத் தினசரி காலண்டரில் முன்கூட்டியே வட்டமிட்டுவிட்டுப் போங்கள். நான் போன முதல் அக்டோபரில் அதைச் செய்யவில்லை. வழக்கமான நேரத்துக்குத் தொலைபேசி வரவில்லை என்று அம்மா ஒரு மணி நேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவின் கவலை வேறு. "அங்கே ராகு காலம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். ராகு காலம் என்பது சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையான பகலை எட்டாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. நம் ஊரில் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், அதனால் ஒன்றரை மணி நேரம் என்று காலண்டரில் அச்சடித்துவிட்டார்கள். ஹாம்பர்க்கில் டிசம்பர் கடைசியில் பகலே ஏழரை மணி நேரம்தான். ராகு காலம் ஒரு மணி நேரம்கூட வராது. ஜூனில் பதினேழு மணி நேரப் பகல். ராகு காலம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். கணக்கைக் கேட்ட அப்பா, "அப்படியானால் நல்ல காரியத்தைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு அங்கே காலை பத்து மணி நல்ல நேரம். குளிர்காலத்தில் இங்கே பிற்பகல் இரண்டரை, சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி அம்மா காலை நீட்டியிருப்பார். ஆனால் 'சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, அங்கே குளிரா' என்ற மூன்று கேள்வியோடு பேச்சு தீர்ந்துவிடும், பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் ஒரு வேலையோடு கூப்பிடுங்கள். கூட்டாஞ்சோற்றுக்குப் பருப்பு எப்போது போட வேண்டும், உளுந்தஞ்சோற்றுக்கு எத்தனை பங்கு தண்ணீர், என்று அடுப்பு முன் நின்று கேளுங்கள். போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வையுங்கள். தெரிந்ததையும் கேளுங்கள். அம்மா அதட்டுவார், அத்தை நடுவில் புகுந்து மறுப்பார், ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

பண்டிகைகள்

போன புதிதில் எல்லாரும் செய்யும் தவறு, பண்டிகையை முழுதாக அங்கே நடத்தப் பார்ப்பது. முதல் தீபாவளிக்கு நான் உக்காரை, சுசியம், அதிரசம், முள்ளுமுறுக்கு நான்கும் செய்ய உட்கார்ந்து, நான்கையும் கெடுத்து, இரவு பதினொரு மணிக்கு எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு ஒரு பண்டிகைக்கு ஒரே காரியம் என்று வைத்துக்கொண்டேன். அதை மட்டும் அதற்குரிய நேரத்தில் தவறாமல் செய்வது, மற்றதை ஊரில் இருப்பவர்களிடம் விட்டுவிடுவது.

தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல். கடிகாரத்தை அக்டோபரில் மாற்றிய பிறகு வந்தால், இங்கே அதிகாலை நாலரை அங்கே சரியாக நள்ளிரவு. என் கடைசித் தீபாவளி 2024 அக்டோபர் 31 அப்படி அமைந்தது. அந்த நாள் வட ஜெர்மனியில் மதச் சீர்திருத்த நாள் விடுமுறையும்கூட. அம்மா இங்கே எண்ணெய் காய்ச்சும்போது நான் அங்கே காய்ச்சினேன். ஆனால் குளியல் தொட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்காதீர்கள், உட்கார்ந்து குளியுங்கள். என் இடது முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. வெடியைப் பற்றி நினைக்கவே வேண்டாம், அந்த நாட்டில் பொதுமக்கள் வெடி வெடிக்க டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாள்தான் அனுமதி.

கார்த்திகை தீபம்தான் வெளிநாட்டுக்கென்றே பிறந்த பண்டிகை என்பேன். இங்கே சூரியன் மறைய ஆறு மணி ஆக வேண்டும், தெருவிளக்கும் கடை விளக்கும் எரியும் வெளிச்சத்தில் அகல் விளக்கு பாவம்போல இருக்கும். ஹாம்பர்க்கில் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு. போதாததற்கு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமும் எல்லா வீட்டு ஜன்னலிலும் விளக்கு வைத்திருப்பார்கள். ஐந்து அகலை ஒரு எவர்சில்வர் தட்டில் நிறுத்தித் திரைச்சீலையைச் சுருட்டிக் கட்டிவிட்டு ஜன்னலில் வையுங்கள். அப்போது தெருவில் இறங்கிப் போய் உங்கள் ஜன்னலை வெளியிலிருந்து ஒருமுறை பாருங்கள். தெரு முழுவதும் நமக்காக விளக்கு ஏற்றியதுபோல இருக்கும். நான் ஒவ்வொரு வருடமும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஓலைக்கொழுக்கட்டையை மட்டும் முயல வேண்டாம். பனை ஓலையின் மணம் இல்லாமல் வாழையிலையில் வேகவைத்தால் அது வேறு பலகாரம்.

பொங்கலுக்குத்தான் விடுப்பு எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் வருடத்துக்குக் குறைந்தது இருபது நாள் விடுப்பு அங்கே சட்டப்படி உண்டு, பல இடங்களில் அதற்கு மேலும் தருவார்கள். ஜனவரியில் யாரும் விடுப்பு கேட்பதில்லை, உடனே கிடைக்கும். இங்கே வாசலில் பொங்கல் கட்டிகளை அடுப்பாக வைத்துப் பனையோலைத் தீ மூட்டும்போது மணி ஐந்தரை இருக்கும். அங்கே இரவு ஒரு மணி. வீடியோவில் கூப்பிடாதீர்கள். புகையில் யாருக்கும் கண் தெரியாது, போனைப் பிடிக்கும் வேலை வீட்டின் கடைசிப் பையனுக்கு வரும், அவன் உங்களுக்கு வேப்பமரத்தைக் காட்டிக்கொண்டிருப்பான். சத்தம் மட்டும் கேட்டால் போதும். பால் பொங்கும் நேரத்தில் பெண்கள் குலவையிடுவார்கள் இல்லையா, அதைக் கேட்பதற்காக மட்டும் கூப்பிடுங்கள். அங்கே உங்கள் சட்டியிலும் பாலை ஏற்றிவிட்டு, அது எழும்பும் நேரமும் இது எழும்பும் நேரமும் ஒன்றாக வரும்படி தீயைக் கூட்டிக் குறையுங்கள். நாலைந்து வருடத்தில் கை பழகிவிடும்.

முதல் முறை நான் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டேன். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது என்பது அங்கே எழுதியும் எழுதாமலும் உள்ள சட்டம். எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரின் குலவை இரவு ஒரு மணிக்கு அந்தக் கட்டடத்தில் எப்படி ஒலித்திருக்கும்? கீழ்வீட்டு அம்மாள் இரவு உடையோடு படியேறி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் பொங்கி வழியும் பாலைக் காட்டினேன். அடுத்த வருடம் முதல், விருந்து வைக்கும்போது அவர்கள் செய்வதுபோல, மாடிப்படிச் சுவரில் முன்கூட்டியே ஒரு சீட்டு ஒட்டினேன்: இந்தத் தேதி இரவு ஒரு மணிக்கு மூன்று நிமிடம் ஒரு சத்தம் வரும், பொறுத்தருள்க. சீட்டு ஒட்டினால் அங்கே எதையும் பொறுத்துக்கொள்வார்கள்.

சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சிறுவீட்டுப் பொங்கலைச் சிபாரிசு செய்வேன். மார்கழி முழுவதும் பெண்பிள்ளைகள் வாசலில் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ வைப்பதும், தை மாதத்தில் மண்ணால் சிறுவீடு கட்டிப் பொங்கலிடுவதும், காய்ந்த உருண்டைகளை ஆற்றில் விடுவதும் நம் பக்கத்து வழக்கம். என் மகள் ஷூ வாங்கிய அட்டைப் பெட்டியில் வீடு கட்டினாள். சாணிக்குப் பதில் கோதுமை மாவு உருண்டை, பூசணிப்பூவுக்குப் பதில் மஞ்சள் காகிதம். எல்ப் ஆற்றில் விட அவள் சம்மதிக்கவில்லை. ஒரு டப்பாவில் போட்டு வைத்து, ஏப்ரலில் ஊருக்கு வந்தபோது தாமிரபரணிப் படித்துறையில் விட்டாள். மஞ்சள் காகிதம் மிதந்து போயிற்று, உருண்டைகளை மீன்கள் விட்டுவைக்கவில்லை.

ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயிலுக்கு வர முடியாதவர்கள் ஜெர்மனியிலேயே இருக்கும் ஹாம் நகரத்துக்குப் போகலாம். ஈழத் தமிழர்கள் கட்டி 2002இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சி அம்பாள் கோயில் அங்கே இருக்கிறது. கோடையில் தேர் ஓடும், வடம் பிடிக்கலாம். வெயில் இல்லை என்பதைத் தவிர எல்லாம் இருக்கும்.

வரி

இது சின்ன விஷயம்போலத் தெரியும், என் கணக்கில் இதுதான் பெரியது. குலதெய்வக் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். அதை நிறுத்தாதீர்கள். அப்பா சேர்த்துக் கட்டிவிடுவார் என்று விடவும் வேண்டாம். உங்கள் பேரில் தனித் தலைக்கட்டாகக் கட்டுங்கள். வரி நோட்டில் பேர் இருக்கும்வரை ஊர்க் கூட்டத்தில் உங்களைப் பற்றிக் கேட்பார்கள், திருநீறு பொட்டலம் வீட்டுக்கு வரும், வரி வசூலிக்கும் பெரியப்பா போனில் கூப்பிட்டுத் திட்டுவார். வெளிநாட்டில் இருக்கும்போது அந்தத் திட்டுக்கு விலையே கிடையாது. பணம் அனுப்பும் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வெளிநாட்டில் குடியேறியதும் இங்குள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட வேண்டும். வங்கியின் ரகசிய எண் வருகிற இந்திய சிம்மைச் சாகவிடக் கூடாது.

ஊருக்கு வருவதென்றால் எப்போது வருவது? தீபாவளிக்கு என்றுதான் எல்லாரும் ஆசைப்படுவார்கள். நான் பங்குனி உத்திரம் என்பேன். தீபாவளியில் ஒவ்வொரு வீடும் தனித்தனி. நீங்கள் வீடு வீடாகப் போய்ப் பலகாரம் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். பங்குனி உத்திரத்தன்று சொந்தம் முழுவதும் சாஸ்தா கோயிலில் ஒரே இடத்தில் இருக்கும். எங்கள் சாஸ்தா ஒரு குளத்துக் கரையில், நாலு பனைமரத்துக்குக் கீழே இருக்கிறார். அங்கே அரை நாள் உட்கார்ந்தால் இரண்டு வருடத்துச் செய்தி வந்து சேர்ந்துவிடும்: யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, யார் வயலை விற்றது. டிசம்பர் கூட்டம் இல்லாததால் டிக்கெட்டும் மலிவு. திருவனந்தபுரத்தில் இறங்கினால் அன்றே வீடு. சென்னையில் இறங்கினால் நெல்லை எக்ஸ்பிரஸில் இன்னொரு இரவு.

வர வேண்டிய நேரத்தில் வர முடியாமல் போவதும் உண்டு. ஆச்சி ஒரு நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலமானார். என் குடியிருப்பு அட்டை காலாவதியாக ஒரு வாரம் இருந்தது. புதுப்பிக்கும் வேலையை நான்தான் தள்ளிப் போட்டிருந்தேன். அப்படியே கிளம்பியிருந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். வேலை முடிந்து நான் வந்து சேர்ந்தது பதினாறாம் நாள் விசேஷத்துக்கு. அட்டையையும் பாஸ்போர்ட்டையும் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பியுங்கள். ஒரு வழி டிக்கெட்டுக்கான பணத்தைத் தொடாத கணக்கில் வையுங்கள். வெளிநாடு போகும் முன்பே ஆச்சியிடம் ஒரு தடவை நிதானமாக உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். விமானம் ஏறும் அன்று வேண்டாம், அன்றைக்கு எல்லாரும் அழுதுகொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் மதினியிடம் சொல்லி முடிக்க அன்று இருட்டிவிட்டது. பானை அதுவரை திண்ணையிலேயே இருந்தது.

"அப்படியானால் இது சும்மா கிடக்க வேண்டியதுதானா?" என்றார்.

சும்மா எப்படி மதினி கிடக்கும் என்றேன். தைப் பொங்கலன்று ஐந்தரை மணிக்கு உங்கள் மகள் அங்கே ஒரு சட்டியில் பாலை வைத்துவிட்டுக் காதில் போனோடு நிற்பாள். இந்தப் பக்கம் பொங்குவதற்கு ஒரு பானை வேண்டாமா? குலவைக்கு ஏழெட்டுப் பேரையாவது சேர்த்துவிடுங்கள், இரண்டு பேர் சத்தம் அவ்வளவு தூரம் போகாது.

மதினி பானையை எடுத்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, உள்ளே கொண்டுபோனார். பெட்டியை மறுபடியும் கொக்கியில் மாட்டினோம். 22 கிலோ 400.